சும்மா சாத்திட்டுப் போன கதவு

வாசகர் கேள்வி:

எங்கள் வீடு குரோம்பேட்டையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குத் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். மாமியார் உள் அறையில் படுத்திருந்தார். கதவைச் சும்மா சாத்திட்டுத்தான் போனேன். 20 நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது கதவு சாத்தினபடியே இருந்தது. பீரோ திறந்து கிடந்தது. 11 பவுன் நகையும், சார்ஜில் போட்டிருந்த என் போனும் இல்லை. பீரோ சாவி பீரோவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ்காரர், கணவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏம்மா பூட்டாம போன?" பூட்டை உடைத்ததாகச் சொல்லியிருந்தால் இன்ஷூரன்ஸாவது வந்திருக்கும் என்கிறார் கொழுந்தனார். வேலைக்கு வரும் அம்மாள் மேல்தான் சந்தேகம் என்கிறார் மாமியார். அவர் திருநெல்வேலிப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவர், இப்போதும் பகலில் கதவைத் திறந்தே போட்டுவிடுகிறார். நானோ ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். நகை கிடைக்குமா? கேமரா வைத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற குற்றப்பிரிவு ஆய்வாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"ஏம்மா பூட்டாம போன?" என்ற கேள்வியை வேலையில் இருந்த காலமெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். திருடன் எப்படி உள்ளே வந்தான் என்பதுதான் விசாரணையின் முதல் முடிச்சு. அது தெரியாமல் ஓர் அடி நகர முடியாது. ஆனால் அதையே "கதவு எந்த நிலையில் இருந்தது, கடைசியாக யார் சாத்தினது?" என்றும் கேட்கலாம். பதில் ஒன்றுதான் வரும், கேட்கப்படுகிறவருக்குக் குத்தாது. இந்த வித்தியாசம் எனக்கே ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது. புரியவைத்தவன் ஒரு திருடன்.

நான் எஸ்.ஐ.யாக இருந்தபோது நடந்தது. இரவு ரவுண்ட்ஸ் முடித்து வந்து, யூனிஃபார்ம் பேண்ட்டை ஜன்னலோரக் கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். புழுக்கம், ஜன்னல் திறந்திருந்தது. காலையில் பேண்ட் வெளியே செடி மேல் கிடந்தது, பர்ஸ் இல்லை. ஒரு நீளக் குச்சி, நுனியில் வளைத்த கம்பி, அவ்வளவுதான் அவன் உபகரணம். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் "ஜன்னல் ஓரம் எதையும் வைக்காதீர்கள்" என்று பேசிவிட்டு வந்திருந்தேன். ஸ்டேஷனில் யாரும் என்னிடம் "ஏன் சார் திறந்து போட்டீங்க?" என்று கேட்கவில்லை. கேட்கவும் துணிய மாட்டார்கள். உங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. திருடியவன் திருடன், நீங்கள் அல்ல. இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

வீட்டுத் திருடர்களில் இரண்டு சாதி உண்டு. கடப்பாரை, ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பூட்டிய வீட்டை உடைப்பவன் ஒருவன். அவன் ஆள் இல்லாத வீட்டைத் தேடுவான். வாசலில் இரண்டு நாள் பேப்பர் கிடக்கிறதா, பகலிலும் வெளி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான். உங்கள் வீட்டுக்கு வந்தவன் மற்றவன். அவன் கையில் எதுவும் இருக்காது, இருந்தால் ஒரு ஃபைலோ ஹெல்மெட்டோ தோள்பையோ இருக்கும். நேராக மேல் மாடிக்குப் போய், இறங்கிக்கொண்டே ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் லேசாக அழுத்திப் பார்ப்பான். திறக்காவிட்டால் அடுத்த கதவு. திறந்து, உள்ளே ஆள் இருந்தால் "சார், வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் கேட்டது இந்த வீடா?" என்பான். "இல்லைப்பா" என்று நீங்களே வழியனுப்பி வைப்பீர்கள். ஆள் கண்ணில் படவில்லை என்றால் நேராகப் படுக்கையறைதான். பீரோவில் சாவி தொங்கினால் அவனுக்கு மூன்று நிமிடம் தாராளம். நீங்கள் 20 நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான் பாருங்கள், அது பழகின கை. திறந்து கிடக்கும் கதவு எதிர்வீட்டுக்காரரின் கண்ணை இழுக்கும், சாத்தின கதவு இழுக்காது.

இப்படிப்பட்டவனுக்கு உடைக்கத் தெரியாது என்றில்லை, உடைக்க வேண்டிய தேவை வருவதில்லை. பறிகொடுத்தவர்களிடம் எத்தனையோ வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் இரண்டு வார்த்தை திரும்பத் திரும்ப வரும். ஒன்று "சும்மா சாத்திட்டுத்தான் போனேன்". இன்னொன்று "இதோ வந்துடலாம்னு". ஊருக்குப் போகும்போது மூன்று பூட்டு போட்டு, இழுத்துப் பார்த்து, பாதித் தெரு போனபின் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கும் அதே மனுஷர், முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போகும்போது பூட்ட மாட்டார். விடியற்காலை கோலம் போட வாசலுக்கு வரும் நேரத்தில் பின்கதவு திறந்திருக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் பையன்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொதுக் குளியலறைக்குப் போவார்கள், லேப்டாப் கட்டில் மேல் கிடக்கும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் குடும்பமே மொட்டை மாடியில் பாய் விரிக்கும், கீழே கதவு வெறுமனே சாத்தியிருக்கும். எல்லாமே "இதோ" கணக்குதான்.

அப்புறம் சாவி. பூட்டிவிட்டுச் சாவியை மிதியடிக்குக் கீழே, ஷூவுக்குள், மீட்டர் பெட்டி மேல், துளசி மாடத்து இடுக்கில் வைப்பது. அதைப் பூட்டின வீடு என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருவன் என்னிடமே சொன்னான்: "சார், நான் முதல்ல கதவைப் பார்க்க மாட்டேன், செருப்பு ஸ்டாண்டைத்தான் பார்ப்பேன்." வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பீரோ சாவிக்கு நம் ஜனம் ஐந்தாறு இடம்தான் வைத்திருக்கிறது: பீரோ தலை, காலண்டர் ஆணி, சாமி ஷெல்ஃப், தலையணை அடி, புடவை அடுக்கு. நாம் பரம்பரையாக ஒளிக்கிறோம், அவர்கள் பரம்பரையாகத் தேடுகிறார்கள்.

மாமியாரை இதில் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் ஊரில் கதவு திறந்துதான் கிடந்தது, ஒன்றும் போகவில்லை. ஏன் தெரியுமா? அங்கே பூட்டு வேலையைத் திண்ணை பார்த்தது. எதிர்த் திண்ணையில் ஒரு பெரியவர், பக்கத்துத் திண்ணையில் வெற்றிலை இடிக்கிற ஒரு ஆச்சி. தெருவுக்குள் புது முகம் வந்தால் "யாரு வீட்டுக்குப்பா?" என்று மூன்று பேர் கேட்டுவிடுவார்கள். கதவு திறந்திருந்தாலும் காவல் இருந்தது. அடுக்ககத்தில் கதவை மட்டும் அப்படியே திறந்து வைத்திருக்கிறோம், திண்ணையைத்தான் காணோம். படிக்கட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து புது முகம் ஏறி இறங்குகிறது, யார் யாரைக் கேட்பது? இதை அத்தையிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். "கதவைச் சாத்துங்க" என்று பத்துத் தடவை சொல்வதைவிட எடுபடும்.

இப்போது உங்கள் கொழுந்தனார் சொன்ன விஷயம். நல்லவேளை, நீங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை. திருட்டுக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் பலவந்தமாக உள்ளே நுழைந்த அல்லது வெளியேறிய அடையாளம் இருந்தால்தான் பணம் என்று ஷரத்து இருக்கும். திறந்த கதவு வழியாகப் போனதற்குத் தனியாகச் சேர்த்து எடுத்திருந்தால்தான் உண்டு. உங்களிடம் பாலிசி இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள், உடனே எழுத்தில் தகவல் கொடுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உடைத்ததாக ஜோடிப்பது நிற்காது. ஒருவர் வீட்டில் பார்த்தேன். பூட்டைச் சுத்தியலால் அடித்து நசுக்கி வைத்திருந்தார். ஆனால் நாதாங்கியில் பெயின்ட் ஒரு கீறல் இல்லை. பூட்டு கதவில் தொங்கும்போது அடித்திருந்தால் நாதாங்கியும் கதவுப் பலகையும் சும்மா இருந்திருக்குமா? கழற்றித் தரையில் வைத்து அடித்திருக்கிறார். தரையில் ஓடு தெறித்திருந்ததையும் மறைக்க மறந்துவிட்டார். பணமும் வரவில்லை, வீண் வழக்கு வேறு. அதைவிட மோசம், நாங்கள் இரண்டு வாரம் உடைக்கிற கூட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். கைப்பிடி திருகுகிறவன் அதற்குள் நகையை உருக்கிவிட்டான்.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாகக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. உங்கள் எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துப் பிரிவுகளைப் பாருங்கள். நகல் இலவசமாகத் தரவேண்டியது, கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 305 இருக்கும். குடியிருக்கும் வீட்டில் திருட்டு, 7 ஆண்டு வரை சிறை. வீடு உடைப்புக்கான 331-ம் இருக்கிறதா பாருங்கள். "கதவுதான் பூட்டலையே, எப்படி வீடு உடைப்பு ஆகும்?" என்று சிலர் சொல்வார்கள். கன்னம் வைத்தால்தான் வீடு உடைப்பு என்பதில்லை. 330-வது பிரிவில் உள்ள உதாரணங்களிலேயே, அடைத்துத் தாழிட்ட (ஆங்கிலத்தில் fastened) கதவைத் திறந்து அத்துமீறி நுழைவதும் வீடு உடைத்தல்தான் என்று இருக்கிறது. வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதால் திறந்து நுழைவதும் அப்படியே. 1860-ல் வந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த உதாரணங்கள் இவை. பகலில் அப்படி நுழைந்து திருடினால் 331(3)-ன் கீழ் 10 ஆண்டு வரை, இரவில் என்றால் 331(4)-ன் கீழ் 14 ஆண்டு வரை. நீங்கள் சாத்திட்டுப் போனீர்கள், விரியத் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை; அது அந்த உதாரணத்தில் சேருமா என்பது வாதத்துக்குரியது, ஆனால் கேட்கலாம். அந்த "சும்மா சாத்தினது" உங்களுக்கு உதவக்கூடிய ஒரே இடம் இதுதான். வாக்குமூலத்தில் அந்த வார்த்தை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். பிரிவைச் சேர்க்க அவருக்கு வழி உண்டு. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்பதும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. பணிவாக நினைவூட்டுங்கள், தயங்க வேண்டாம்.

போன் விஷயத்தில் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். போன் வந்த பெட்டியில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும், பில்லிலும் இருக்கும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், எஃப்.ஐ.ஆர். நகலோடு அந்த எண்ணை முடக்கக் கோரிக்கை போடலாம். வேறு சிம் போட்டாலும் அந்த போன் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது, போடும்போது தடயமும் கிடைக்கும். அதே நம்பரில் புது சிம் வாங்கிவிட்டீர்களா? வங்கி, யு.பி.ஐ. எல்லாம் அந்த போனில்தானே இருந்திருக்கும். கணக்கிலிருந்து பணம் ஏதாவது போயிருந்தால், இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

நகை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை காட்ட மாட்டேன். இந்த வகைத் திருடன் ஒரு வீட்டோடு நிற்பதில்லை, அதனால் அநேகமாக என்றாவது பிடிபடுவான். பிடிபடும்போது நகை நகையாக இருக்குமா, கட்டியாக இருக்குமா என்பதுதான் கேள்வி. அடகில் இருந்தால் மீட்பது சுலபம். அதற்கு இது உங்கள் நகைதான் என்று நீங்கள் காட்டவேண்டும். ஸ்டேஷனில் பறிமுதல் நகையைத் தட்டில் பரப்பி வைத்து அடையாளம் கேட்கும்போது, "அஞ்சு பவுன் செயின் சார்" என்று சொல்கிறவர்கள் நாலு பேர் இருப்பார்கள், செயினும் நாலு இருக்கும். "கொக்கி ஒருதரம் அறுந்து பத்த வெச்சது, அந்த இடம் கொஞ்சம் கறுத்திருக்கும்" என்று ஓர் அம்மாள் சொன்னார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. அந்தக் கறுப்புதான் அவருக்கு நகையைத் திருப்பிக் கொடுத்தது. உங்கள் நகை ஒவ்வொன்றிலும் அப்படி என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள். கல் விழுந்த தோடு, நெளிந்த வளையல், எதுவானாலும் சரி. கல்யாண ஆல்பத்தில் கழுத்தும் கையும் தெரிகிற படங்களை எடுத்து வையுங்கள். 2021 ஜூலைக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகை ஏதாவது இருந்தால் அதில் எழுத்தும் எண்ணும் கலந்த, ஆறு இடம் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற அடையாளக் குறியீடு பொறித்திருக்கலாம், ஒரு நகைக்கு ஒரு குறியீடு. சில கடைகளின் பில்லிலும் அது இருக்கும்.

வேலைக்கு வரும் அம்மாள் பற்றி ஒன்று சொல்கிறேன், மாமியாருக்குப் பிடிக்காமல் போகலாம். வீட்டுக்கு வந்து போகிறவர்கள் பட்டியலைப் போலீசிடம் முழுமையாகக் கொடுங்கள், அவர் பேரும் இருக்கட்டும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாட்சி இல்லாமல் அவரைக் கூப்பிட்டுக் கேட்பது, தெருவில் சொல்வது, குறி கேட்கப் போவது எதுவும் வேண்டாம். நடந்த விதத்தைப் பார்த்தால் இது கைப்பிடி திருகுகிறவன் வேலை மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. வீட்டு விவரம் தெரிந்தவர் 20 நிமிட இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் பார்த்த ஒரு வழக்கில் ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் ஆள் பிடிபட்டான். அதற்குள் வேலைக்காரப் பெண் அந்தப் பகுதியில் ஒரு வீட்டிலும் வேலை கிடைக்காமல் ஊருக்கே போய்விட்டார்.

கேமரா? வையுங்கள், ஆனால் பூட்டுக்குப் பதிலாக வைக்காதீர்கள். கேமரா வந்தவனைப் படம் பிடிக்கும், வராமல் தடுக்காது. உயரத்தில் மாட்டினால் தொப்பி தெரியும், முகம் தெரியாது. படிக்கட்டு முகப்பில், ஆள் முகத்துக்கு நேராக ஒன்று இருந்தால் போதும். குடியிருப்புச் சங்கத்தில் பேசி எல்லோருமாகப் போடுங்கள். பதிவுப் பெட்டியை டிவி பக்கத்தில் வைக்காதீர்கள், திருடன் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போவான்.

உங்கள் காசைக் கேமராவுக்கு முன் கதவில் போடச் சொல்வேன். சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் ஒன்று. வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. "சும்மா சாத்துகிற" வீட்டுக்கு இதுதான் மருந்து, ஏனென்றால் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒரு தொல்லை உண்டு: சாவியை உள்ளே வைத்துவிட்டுச் சாத்தினால் நைட்டியோடு வெளியே நிற்க வேண்டியதுதான். அதற்கு ஒரு மாற்றுச் சாவியை நம்பிக்கையான எதிர்வீட்டில் கொடுத்து வையுங்கள், செருப்பு ஸ்டாண்டில் அல்ல. வெளியே கிரில் கேட் இருந்தால் கம்பி இடைவெளியில் கைவிட்டு உள்தாழ்ப்பாளை எட்ட முடிகிறதா என்று நீங்களே நின்று கைவிட்டுப் பாருங்கள். எட்டினால் அந்த இடத்தில் தகடோ வலையோ அடிக்கச் சொல்லுங்கள். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள், 2019-ல். அந்த மாங்காய்ப் பூட்டு எனக்கு இன்றும் பிடிக்கும், கனமான சாமான். ஆனால் ஊருக்குப் போகும்போது மட்டும் பூட்டுகிறவருக்கு அதனால் பாதிப் பயன்தான்.

ஊருக்குப் போகும் நாளில் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டிய வீடுகளை ரோந்துப் பட்டியலில் சேர்த்துப் பார்ப்பது நம் காவல் துறையில் நெடுநாள் வழக்கம்.

மிச்ச நகையில் தினம் போடாததை வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். லாக்கரும் முழுக் காப்பு அல்ல என்று தெரிந்து வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி முதல், வங்கியில் திருட்டு, தீ மாதிரி எதுவும் நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். இருந்தாலும் பீரோவைவிட மேல்.

கடைசியாக, ராத்திரி எழுந்து பார்க்கும் விஷயம். திருட்டுப் போன வீட்டில் இது சகஜம். போனது நகை மட்டும் இல்லையே, நம் அறைக்குள் வேற்று ஆள் நின்றிருக்கிறான் என்ற நினைப்பு கொஞ்ச நாள் விடாது. என் மனைவி பேண்ட் திருட்டுக்குப் பிறகு மூன்று மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே படுத்தார். அவர் ஒன்று செய்தார்: சிலிண்டரை மூடிவிட்டு, நேராக வந்து தாழ்ப்பாள் போட்டு, "போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வார். நான் உள்ளிருந்து "சரி" என்பேன். தூக்கம் கலையும்போது அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வரும், எழ வேண்டியிருக்காது. நீங்கள் சொல்லுங்கள், உங்கள் கணவர் "சரி" சொல்லட்டும். "ஏன் பூட்டலை" என்று கேட்ட வாய்க்கு அது ஒரு வேலை. ஒரு மாதம் கழித்தும் தூக்கம் கெட்டால் டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

திங்கட்கிழமை நகைக் கடை திறந்ததும் பழைய பில்களுக்கு நகல் கேளுங்கள். கம்ப்யூட்டரில் உங்கள் போன் நம்பரைப் போட்டாலே பல கடைகளில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கிக்கொண்டு, ஆல்பத்துப் படங்களோடு நேராக விசாரணை அதிகாரியிடம் போங்கள். கொக்கி பற்ற வைத்தது மாதிரி விவரங்களை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.